வேளச்சேரி மொட்டைமாடியிலிருந்து ரோசெட் நெபுலா: நேரோபேண்ட் படமெடுப்பை எங்கே தொடங்குவது?

வேளச்சேரி மாடி
18 ஜனவரி 2025, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக நிலாவையும் வியாழனையும் படமெடுத்து வந்தேன். இப்போது நெபுலாக்களின், அதாவது விண்வெளி வாயு மேகங்களின், பக்கம் மனம் போய்விட்டது. வீடு வேளச்சேரியில். மாடியில் நின்றால் வெறும் கண்ணுக்குப் பதினைந்து, இருபது விண்மீன்களுக்கு மேல் தெரிவதில்லை. நகரத்துக்கு நேரோபேண்ட்தான், அதாவது வாயுக்கள் உமிழும் குறுகிய அலைநீளங்களை மட்டும் பிடிப்பதுதான், வழி என்று பலரும் சொன்னதால் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும், 7 நானோமீட்டர் அகலமுள்ள இரட்டைப் பட்டை ஃபில்டர் ஒன்று வாங்கினேன். கையில் இருப்பவை 72 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கி (குவியத் தூரம் 400 மி.மீ.), விண்மீன்களைப் பின்தொடர்ந்து சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட், மாற்றம் எதுவும் செய்யாத பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா.

பொங்கல் விடுமுறையில் 12, 13 தேதி இரவுகளில் ரோசெட்டை எடுத்தேன். 60 நொடிப் படங்கள், மொத்தம் நான்கு மணி நேரம். அடுக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மங்கலான வளையம் ஒன்று மட்டும் தெரிகிறது. நடுவில் நீலமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன், எதுவும் இல்லை. படம் முழுவதும் சிவப்புப் புள்ளிகள். டார்க் படங்களை (மூடியைப் போட்டு எடுக்கும் இருட்டுப் படங்கள்) மறுநாள் அறைக்குள் வைத்து எடுத்துக் கழித்தும் புள்ளிகள் போகவில்லை. துருவ நட்சத்திரம் எதிர்க் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பதால், மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் துருவ ஒழுங்கை திசைகாட்டி வைத்துத்தான் செய்தேன்.

சேமிப்பில் ஒரு கேமரா வாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் கேமராவும் மூன்று ஃபில்டர்களும் (ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம்) வாங்குவதா, குளிரூட்டிய வண்ணக் கேமரா வாங்குவதா? அல்லது என் பிழை வேறு எங்காவது இருக்கிறதா?

ஜவ்வாது இரவு
18 ஜனவரி 2025, இரவு 10:47

தம்பி, கேமராவை விடுங்கள், முதலில் நாளைப் பாருங்கள். நீங்கள் படமெடுத்த 13ஆம் தேதி மார்கழித் திருவாதிரை. அன்று முழுநிலா ஆதிரை விண்மீன் இருக்கும் பக்கத்தில்தான் நிற்கும். ரோசெட் ஆதிரைக்குக் கிழக்கே பத்து டிகிரி கூட இல்லை. ஆண்டு முழுவதிலும் ரோசெட்டுக்கு இதைவிடப் பொருந்தாத நிலா கிடையாது. அதே நாள் போகி. சென்னையில் அன்று எழும் புகை அடங்க இரண்டு நாளாவது ஆகும்.

நேரோபேண்ட் என்றால் நிலா இருந்தாலும் எடுக்கலாம் என்று சொல்வார்கள். ஹைட்ரஜன் வாயு உமிழும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளிக்கு அது பெரும்பாலும் உண்மை. அந்த ஒளி 656.3 நானோமீட்டரில், ஆழ்சிவப்பில் இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் ஒளியான ஆக்சிஜன் மூன்று, சுருக்கமாக ஓ-3, 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையில் இருக்கிறது. காற்றில் சிதறும் நிலவொளி நீலத்தின் பக்கம்தான் மிகுதி. அதனால் ஓ-3 நிலவில் கரைந்துபோகும். உங்கள் நடுப்பகுதி நீலம் காணாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

டார்க் படங்களை அறைக்குள் எடுத்தேன் என்கிறீர்கள். ஏசி ஓடியதா?

வேளச்சேரி மாடி
18 ஜனவரி 2025, இரவு 11:03

ஓடியது ஐயா. 24 டிகிரியில் வைத்திருந்தேன். மாடியிலும் அன்று ஏறக்குறைய அதே வெப்பம்தானே என்று நினைத்தேன்.

ஜவ்வாது இரவு
18 ஜனவரி 2025, இரவு 11:20

காற்றின் வெப்பம் கணக்கில்லை, சென்சாரின் வெப்பம்தான் கணக்கு. மாடியில் நான்கு மணி நேரம் இடைவிடாமல் ஓடிய கேமராவின் உட்பகுதி, சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரி வரை கூடுதலாகச் சுட்டிருக்கும். வெப்ப இரைச்சல் சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஏசி அறையில், அதுவும் கேமரா சூடேறுவதற்குள் எடுத்த டார்க், அந்தப் புள்ளிகளில் பாதியைக்கூடக் கழிக்காது. குளிரூட்டாத கேமராவுக்கு டார்க் எடுப்பதென்றால், படமெடுத்து முடித்த கையோடு அதே மாடியில் மூடியைப் போட்டு எடுக்க வேண்டும்.

குளிரூட்டிய கேமராவின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. குளிரைவிட முக்கியமானது, வெப்பம் ஒரே நிலையில் நிற்பது. ஒரு நாள் உட்கார்ந்து மைனஸ் 5 டிகிரியில் ஐம்பது டார்க் எடுத்து வைத்துக்கொண்டால் பல மாதங்களுக்குப் பயன்படும். ஆனால் இணையத்தில் எல்லோரும் மைனஸ் 10, மைனஸ் 20 என்று எழுதுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வகைக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி அளவுக்குத்தான் இறங்கும். பிப்ரவரி இரவில் மைனஸ் 5 எளிது. சித்திரை இரவில் 30 டிகிரி இருக்கும்போது பூஜ்யத்தில் வைத்தால்தான் வெப்பம் நிலையாக நிற்கும்.

சிங்கை வானம்
19 ஜனவரி 2025, காலை 8:15

துருவ நட்சத்திரம் பற்றி மட்டும் சொல்கிறேன். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம். எனக்குச் சிங்கப்பூரில் ஒன்றேகால் டிகிரி, அதாவது இல்லவே இல்லை. எட்டு ஆண்டுகளாக அதைப் பார்க்காமலே படமெடுக்கிறேன். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கு என்று ஒரு செருகுநிரல் இருக்கிறது. வானத்தில் திறந்திருக்கும் எந்தப் பகுதியிலும் மூன்று இடங்களில் படமெடுத்து, விண்மீன்களின் இடத்தைக் கணித்து, அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று காட்டிவிடும். திருகைத் திருப்பத் திருப்ப எண் குறையும். பத்து நிமிட வேலை.

இன்னொன்று. நம் அட்சரேகையில் மவுண்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும். எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்க வாய்ப்புண்டு. இருட்டுவதற்கு முன்பே மவுண்டை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள். ரோசெட் உங்கள் உச்சிக்கு எட்டு டிகிரி அருகில் கடக்கிறது. உச்சி தாண்டும் நேரத்தில் கேமரா முக்காலியில் முட்டுவதும் நடக்கும்.

நிறமாலை
19 ஜனவரி 2025, முற்பகல் 11:40

நடுப்பகுதி நீலம் வராததற்கு நிலா மட்டும் காரணமில்லை. ரோசெட்டின் வடிவமே அதைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டு எடுத்தால் பொறுமை கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ரோசெட்டின் நடுவில் என்ஜிசி 2244 என்ற இளம் விண்மீன் கொத்து இருக்கிறது. அதில் மிகச் சூடான விண்மீன்கள் சில. அவற்றின் புறஊதா ஒளிதான் சுற்றியுள்ள வாயுவை ஒளிரச் செய்கிறது. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். கந்தகத்தில் ஒன்றைப் பறிக்க அதைவிடக் குறைவு, 10.4. ஆக்சிஜனிலிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் பறிக்க 35 வேண்டும். அவ்வளவு ஆற்றலுள்ள ஒளி விண்மீன் கொத்தின் அருகில்தான் கிடைக்கும். ஆகவே ஓ-3 நடுவில், ஹைட்ரஜன் எங்கும், கந்தகம் பெரும்பாலும் வெளி ஓரங்களில். மூன்று ஃபில்டரில் எடுத்த படம் உண்மையில் அந்த நெபுலாவில் எங்கே எவ்வளவு ஆற்றலுள்ள ஒளி படுகிறது என்று காட்டும் வரைபடம் மாதிரி.

ஓ-3 கோட்டுக்கு ஒரு கதையும் உண்டு. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். வானவில் போன்ற பட்டையை எதிர்பார்த்தவருக்குத் தனித்தனிக் கோடுகள் தெரிந்தன. நெபுலா விண்மீன் கூட்டமல்ல, வாயு என்று அன்று தெரிந்தது. ஆனால் பச்சையில் இருந்த கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. நெபுலியம் என்று புதுத் தனிமம் ஒன்றையே கற்பனை செய்தார்கள். 1927இல் ஐரா போவன் என்ற இயற்பியலாளர்தான் அது இரண்டு எலக்ட்ரான் இழந்த சாதாரண ஆக்சிஜன் என்று காட்டினார். அந்த ஒளியை உமிழ, எலக்ட்ரான் இழந்த அந்த அணு, அதாவது அயனி, அரை நிமிடத்துக்கும் மேல் எதனோடும் மோதாமல் காத்திருக்க வேண்டும். நம் காற்றில் அது நடக்காத காரியம். நெபுலாவின் வெறுமையில் நடக்கிறது. உங்கள் ஃபில்டர் பிடிப்பது அந்தக் காத்திருப்பின் ஒளியை.

பழைய கோவை
19 ஜனவரி 2025, மாலை 5:22

எனக்கு ஒரு மறுப்பு உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஃபில்டர் படங்களைச் சேர்க்கும்போது, சிவப்பாக இருக்கும் ஹைட்ரஜனைப் பச்சையில் போட்டு, அதைப் பொன்னிறமாக மாற்றி, நீலத்தை ஏற்றி வெளியிடுவதை விண்வெளிப் படம் என்று எப்படிச் சொல்வது? நான் முப்பது ஆண்டுகளாக ஃபிலிமில் எடுத்தவன். வால்பாறைப் பக்கம் போய் இருட்டில் நின்று, வந்த நிறத்தை வந்தபடியே வைத்துக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த நிறங்கள்தான் உண்மை என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிறமாலை
19 ஜனவரி 2025, இரவு 8:05

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. நிறத்தை எப்படி ஒதுக்கினோம் என்று எழுதாமல் வெளியிடுவது தவறு. அதை நானும் சொல்கிறேன். ஆனால் ஒதுக்கீடே பொய் என்பதை ஏற்க முடியவில்லை. கந்தகத்தின் ஒளி 671.6, 673.1 நானோமீட்டர். ஹைட்ரஜன் 656.3. இரண்டும் கண்ணுக்கு ஒரே சிவப்பு. இயல்பு நிறத்தில் வைத்தால் இரண்டு வேறு வாயுக்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நீண்ட அலைக்குச் சிவப்பு, நடு அலைக்குப் பச்சை, குறுகிய அலைக்கு நீலம் என்று வைக்கும்போது வரிசை மாறவில்லை, இடைவெளியைத்தான் அகலமாக்கியிருக்கிறோம். 1995இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் இந்த முறையில்தான் வந்தன. ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் அதில் தேடியது அழகை அல்ல, தூணின் விளிம்பில் வாயு எப்படி ஆவியாகிறது என்பதை.

இது நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமும் அல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1912 முதலே ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டை மட்டும் பிரித்தெடுத்துச் சூரியனைப் படமெடுத்து வந்தார்கள். ஃபில்டருக்குப் பதில் பிளவும் நிறமாலைக் கருவியும். ஒற்றைக் கோட்டில் பார்த்ததால்தான் சூரியனின் மேற்பரப்புக்கு மேலே எழும் இழைகள் தெரிந்தன.

பழைய கோவை
20 ஜனவரி 2025, காலை 7:10

கொடைக்கானல் கண்ணாடித் தகடுகளை நேரில் பார்த்திருக்கிறேன். அவற்றில் நிறமே கிடையாது, கறுப்பு வெள்ளைதான். நீங்கள் கூறும் ஒற்றைக் கோட்டுப் படத்தில் எனக்கு மறுப்பில்லை. நிறம் பூசும்போதுதான் தயக்கம். ஒதுக்கீட்டைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பதில் நாம் ஒன்றாக நிற்கிறோம், அது போதும்.

ஜவ்வாது இரவு
20 ஜனவரி 2025, இரவு 9:30

கேமரா கேள்விக்கு வருகிறேன். மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி, ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் கால்பங்கு அளவைத்தான் உள்ளே விடும். அதையும் நான்கில் ஒரு பிக்ஸல்தான், சிவப்புப் பிக்ஸல்தான், வாங்கிக்கொள்ளும். உங்கள் நான்கு மணி நேரம் எங்கே போனது என்று இப்போது தெரியும்.

கறுப்பு வெள்ளைக் கேமராவில் எல்லாப் பிக்ஸலும் வேலை செய்யும், அதில் ஐயமில்லை. ஆனால் ஃபில்டர் சக்கரம், மூன்று ஃபில்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபிளாட் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்), ஒவ்வொன்றுக்கும் குவியம் சரிபார்ப்பு என்று வேலை மூன்று மடங்கு. சென்னையில் வானம் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். ஹைட்ரஜனை முடித்துக் கந்தகத்துக்குப் போவதற்குள் மேகம் வந்துவிட்டால் அந்த ஆண்டு அரைகுறையாக நிற்கும். உங்களிடம் ஏற்கனவே இரட்டைப் பட்டை ஃபில்டர் இருக்கிறது. குளிரூட்டிய வண்ணக் கேமரா வாங்குங்கள். சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ளது போதும். 3.76 மைக்ரான் பிக்ஸல், உங்கள் 400 மி.மீ. குவியத் தூரத்துக்கு ஒரு பிக்ஸலுக்கு 1.94 வினாடிக் கோணம். சென்சார் சதுரம், ஒவ்வொரு பக்கமும் 1.6 டிகிரி. ரோசெட் 1.3 டிகிரி. சட்டம் போட்டதுபோல் உட்காரும்.

யாழ் ஓரியன்
20 ஜனவரி 2025, இரவு 10:18

ஐயா சொல்வதோடு நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கறுப்பு வெள்ளைக் கேமராவில்தான் தொடங்கினேன். 3 நானோமீட்டர் ஓ-3 ஃபில்டரை மட்டும் போட்டு, நிலவில்லாத இரவுகளை எல்லாம் அதற்கே கொடுத்துவிடலாம். நிலா வந்தால் ஹைட்ரஜன். இரட்டைப் பட்டையில் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் ஓ-3 எப்போதும் பட்டினி கிடக்கும். எல்லோரும் நூற்றாண்டுக்கு மேலாகப் படமெடுத்த ஆந்திரொமீடா விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில் ஒரு பெரிய ஓ-3 வளைவு இருந்ததை டிரெக்ஸ்லர், ஸ்ட்ரோட்னர், செயின்டி என்ற ஆர்வலர்கள் கண்டுபிடித்து 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். யாரும் அந்த ஒற்றைக் கோட்டில் அவ்வளவு நேரம் அங்கே பார்த்ததில்லை, அதனால்தான் அது தப்பியிருந்தது. கந்தகம் பிறகு வரட்டும். தம்பி எதை வாங்கினாலும் ஒரே இலக்கில் இருக்கட்டும். ஓர் இரவில் நான்கு நெபுலா எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் இரட்டிப்பாக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்கு வேண்டும். அந்தக் கணக்கில் சலுகை கிடையாது.

வேளச்சேரி மாடி
9 பிப்ரவரி 2025, இரவு 8:44

எல்லோருக்கும் நன்றி. பயன்படுத்திய 533 வண்ணக் கேமரா ஒன்று கிடைத்தது, வாங்கிவிட்டேன். யாழ் அண்ணன் சொன்னதை மறக்கவில்லை. ஒரே இலக்கு, நிலவில்லாத இரவுகள் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். 12ஆம் தேதி முழுநிலா, அதனால் 20க்குப் பிறகுதான் தொடங்குவேன். அதுவரை டார்க் நூலகம், துருவ ஒழுங்குப் பயிற்சி. ஒவ்வொரு படமும் எத்தனை நொடி எடுப்பது?

சிங்கை வானம்
9 பிப்ரவரி 2025, இரவு 9:26

180 நொடியில் தொடங்குங்கள். வானத்தின் வெளிச்சம் தரும் இரைச்சல், கேமராவின் வாசிப்பு இரைச்சலை மிஞ்சும் அளவுக்கு நீளம் இருந்தால் போதும். உங்கள் வானத்தில், 7 நானோமீட்டர் ஃபில்டரில், அது 180க்குள் நடந்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் காற்றடித்துக் கெடும் படம் ஒவ்வொன்றும் கூடுதல் இழப்பு. கெயின் (கேமராவின் சமிக்ஞைப் பெருக்க அளவு) 100இல் வையுங்கள், இந்தச் சென்சாரில் அங்கே வாசிப்பு இரைச்சல் சட்டென்று இறங்குகிறது. பனி நீக்கும் சூடேற்றிப் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டாயம் கட்டுங்கள். கடலோர ஊர்களில் இரவு பத்து மணிக்கே ஈரம் படியும்.

வேளச்சேரி மாடி
5 மார்ச் 2025, இரவு 11:31

நான்கு இரவுகள், 180 நொடியில் 280 படங்கள், மொத்தம் 14 மணி நேரம். ரோசெட் இப்போது இருட்டும்போதே உயரத்தில் இருப்பதால் ஏழேகாலுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தினேன். ஃபிளாட்டுக்கு வெள்ளைத் துணியைக் கட்டி விடியல் வானத்தில் எடுத்தேன்.

வளையம் வந்துவிட்டது! ஆனால் நிறம் கைகூடவில்லை. சிரில் மென்பொருளில் அடுக்கி நீட்டினால், அதாவது மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கினால், படம் முழுக்கச் செம்மண் நிறம். ஓ-3யை உயர்த்தினால் விண்மீன்கள் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் ஊதிப்போகின்றன.

ஜவ்வாது இரவு
6 மார்ச் 2025, காலை 6:40

வண்ணப் படமாக வைத்துக்கொண்டு நீட்டாதீர்கள். சிரிலில் ஹைட்ரஜனையும் ஓ-3யையும் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட் இருக்கிறது. முதலில் இரண்டையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படமாக்குங்கள். ஒவ்வொன்றிலும் பின்னணிச் சாய்வை அகற்றுங்கள். கிராக்ஸ்பர்ட் என்ற மென்பொருள் இலவசம், நன்றாகச் செய்யும். வேளச்சேரி போன்ற இடத்தில் இரண்டு கோப்புகளின் சாய்வும் ஒரே திசையில் இருக்காது. அதனால் பிரித்த பிறகு தனித்தனியாகச் செய்வதில்தான் பலன்.

அடுத்தது விண்மீன்களை நீக்குவது. இது நீட்டுவதற்கு முன்னாலேயே நடக்கட்டும். ஓ-3 மங்கலாக இருப்பதால் அதைப் பல மடங்கு நீட்ட வேண்டியிருக்கிறது. அப்போது அதிலுள்ள விண்மீன்களும் சேர்ந்து பெரிதாகின்றன. ஹைட்ரஜன் கோப்பில் அவை சிறியவை, ஓ-3யில் பெரியவை. மேலே வைத்துச் சேர்த்தால் ஓரத்தில் நிறம் கசிகிறது. ஸ்டார்நெட் மென்பொருளைக் கொண்டு விண்மீன்களைப் பிரித்துவிட்டால் நெபுலாவை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். விண்மீன்களுக்கென்று ஃபில்டர் இல்லாமல் 20 நொடியில் அரை மணி நேரம் தனியாக எடுத்துவிட்டு, கடைசியில் அவற்றை மெல்லச் சேர்த்தால் மஞ்சள் விண்மீன் மஞ்சளாகவே இருக்கும்.

சேர்க்கும்போது சிவப்புக்கு ஹைட்ரஜன், பச்சைக்கும் நீலத்துக்கும் ஓ-3. பழைய கோவை ஐயாவுக்கும் இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன், ஏறக்குறைய இயல்பு நிறம்தான்.

பழைய கோவை
6 மார்ச் 2025, காலை 9:02

மறுப்பில்லை. ஒரே வேண்டுகோள்: கூர்மையாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இப்போதே தொடாதீர்கள் தம்பி. தரவில் இல்லாத இழையைக்கூட இருப்பதுபோல் காட்டும் அளவுக்கு அவை வந்துவிட்டன. முதலில் உங்கள் 14 மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று உங்கள் கண் தெரிந்துகொள்ளட்டும். பிறகு பயன்படுத்தினால், முன்னும் பின்னும் இரண்டையும் வையுங்கள்.

யாழ் ஓரியன்
6 மார்ச் 2025, இரவு 9:55

தம்பி, என்னிடம் இதே ரோசெட்டின் ஓ-3 மட்டும் 6 மணி நேரம் இருக்கிறது, 3 நானோமீட்டர், கறுப்பு வெள்ளை. அடுக்கிய, நீட்டாத கோப்பைத் தருகிறேன், உங்களுடையதோடு சேருங்கள். இருவரின் தனிப் படங்களையும் கலக்க வேண்டாம், அடுக்கி முடித்த இரண்டு ஓ-3 கோப்புகளையும் ஒரு தொடராக்கி விண்மீன்களை வைத்து ஒழுங்குபடுத்துங்கள். பின்னணி அளவைச் சமப்படுத்திவிட்டு, இரைச்சலுக்கு ஏற்ற எடையுடன் சராசரி எடுத்தால் சிரில் பார்த்துக்கொள்ளும்.

வேளச்சேரி மாடி
9 மார்ச் 2025, அதிகாலை 1:17

சேர்த்துவிட்டேன் அண்ணா. விண்மீன் கொத்தைச் சுற்றியுள்ள குழிவு இப்போது நீலப்பச்சையில் நிரம்பி நிற்கிறது. என் கோப்பில் மட்டும் அது வெறும் மணல் மாதிரி இருந்தது. அதன் ஓரத்தில் கரும் உருண்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. கூர்மையாக்கவில்லை, எந்தக் கருவியும் தொடவில்லை. என் தனிப் படத்தையும் சேர்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிவப்பு ஹைட்ரஜன், பச்சையும் நீலமும் ஓ-3, சென்னையும் யாழ்ப்பாணமும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

யாழ் ஓரியன்
9 மார்ச் 2025, காலை 7:48

அந்த உருண்டைகளின் விளிம்பில் கந்தகம் நன்றாக ஒளிரும். என்னிடம் 2 மணி நேரம்தான் இருக்கிறது, இரைச்சல் அதிகம். அனுப்பட்டுமா?

வேளச்சேரி மாடி
9 மார்ச் 2025, காலை 7:51

அனுப்புங்கள் அண்ணா.